வீட்டுக்கு எத்தனை வாட்

ஜூன் 3, திங்கள்

டாக்டர் நல்ல மனிதர். கெட்ட செய்தியை இரண்டு நல்ல செய்திகளுக்கு நடுவில் வைத்துத்தான் சொல்வார். ஆபரேஷன் சுத்தமாக முடிந்திருக்கிறது என்று ஆரம்பித்தார். இனி மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்ற வேண்டும், வாந்தி வரும், முடி கொட்டும், சிலருக்குக் காது மந்தமாகும், அப்படிப் போன காது திரும்பாது என்றார். இந்த மருந்தில் பிழைத்து வீட்டுக்குப் போனவர்கள்தான் அதிகம் என்று முடித்தார்.

ரெஜினா முடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. "காது எப்ப போகும் டாக்டர்?" என்றாள்.

"போகும்னு சொல்லலம்மா. போகலாம்னுதான் சொன்னேன்."

ஆட்டோவில் ஜங்ஷன் தாண்டினோம். அப்புறம் சொன்னாள். "காது இருக்கறப்பவே ஒரு தடவை நீங்க பழைய மாதிரி வாசிச்சு நான் கேக்கணும்."

"பழைய மாதிரின்னா?"

"மேடையில வாசிச்ச மாதிரி. அப்ப நான் பாடுன பாட்டுக்கு."

வாரம் முழுவதும் பொன்மலை ரயில்வே பட்டறையில் லேத் முன்னால் நிற்பேன். சனி, ஞாயிறு வந்தால் மெல்லிசைக் குழுவில் லீட் கிட்டார். இருபது வருடத்துக்கு மேல் அப்படி ஓடியது. ரெஜினா அந்தக் குழுவின் பாடகி. அங்கே பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன். பிறகு பதிவு செய்த ட்ராக் போட்டுப் பாடுகிற காலம் வந்தது, குழு கலைந்தது. பட்டறையிலிருந்தும் ரிட்டயர் ஆகிவிட்டேன். கிட்டார் என்னுடையது, இருக்கிறது. கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப் குழுவுடையது. பெரிய வால்வு ஆம்ப். குழுவின் முதலாளி அதை யாருக்கோ தள்ளிவிட்டார். ரெஜினாவும் அன்றிலிருந்து பாடுவதில்லை. கோயிலில்கூட உதடு மட்டும்தான் அசையும்.

வீட்டில் வைத்து வாசிக்கிற மாதிரி ஒரு வால்வு ஆம்ப் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். இரண்டாவது ஊசிக்குள் வாங்கிவிட வேண்டும்.

ஜூன் 4, செவ்வாய்

பரண் மேல் ஒரு குட்டி ட்ரான்சிஸ்டர் ஆம்ப் கிடந்தது. தூசி தட்டி, கிட்டாரைச் சொருகிப் பார்த்தேன்.

"கொசு பாடுற மாதிரி இருக்கு" என்றேன்.

"கொசுவாவது வீட்டுக்குள்ளயே இருக்கு. அதுலயே வாசிங்க."

"இதுல வாசிச்சா அது நான் இல்ல ரெஜி."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

அவளுக்கே தெரியும், தெரிந்துகொண்டே சீண்டுகிறாள். ட்ரான்சிஸ்டர் ஆம்ப் எப்படித் தொட்டாலும் ஒரே மாதிரி கத்தும். வால்வு என்பது கண்ணாடிக் குழாய். அது சூடாகி, அந்தச் சூட்டில் சத்தம் பெரிதாகிறது. கம்பியை மெதுவாகத் தொட்டால் மெதுவாகப் பேசும். அழுத்தினால் அதற்குத் தொண்டை கம்மும். அவள் குரலுக்குப் பக்கத்தில் அதைத்தான் வைக்க முடியும். கொசுவை வைக்க முடியாது. அரை நாள் அவளோடு பேசவில்லை.

ஜூன் 6, வியாழன்

முதல் ஊசி. நரம்பு கிடைக்காமல் நர்ஸ் இரண்டு கையிலும் தேடினார். எனக்கு ஃபோன் வந்ததால் வராண்டாவுக்குப் போனேன். அங்கே உட்கார்ந்து ஆம்ப் வீடியோக்கள் பார்த்ததில் நிறைய விஷயம் தெரிந்தது.

ஜூன் 9, ஞாயிறு

வாந்தி. கஞ்சி. மறுபடி வாந்தி. படுக்கை விரிப்பு இரண்டு துவைத்தேன்.

ரெஜினாவின் தங்கை பிலோமினா அடுத்த தெருவில் இருக்கிறாள். இட்லி மாவு ஆட்டி விற்கிறாள். அக்காவைப் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று இன்று கிரைண்டரையே இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் இடம் இருக்கிறது. சத்தம்தான் தாங்கவில்லை. அந்தச் சத்தத்தில் எந்த வீடியோவையும் ஒழுங்காகக் கேட்க முடியவில்லை.

"ஊசி போடுறப்பல்லாம் உங்களுக்கு ஃபோன் வந்துடுது மச்சான்" என்றாள். ஒரு தடவைதான் வந்தது. பிலோவுக்கு எதையும் பெருக்கிச் சொல்லித்தான் பழக்கம்.

ஜூன் 14, வெள்ளி

திருச்சியில் இருக்கிற இரண்டு இசைக்கருவிக் கடைகளையும் பார்த்தாகிவிட்டது. வால்வு என்றால் தண்ணீர்க் குழாய் கடைக்கு வழி சொல்கிறார்கள். ஒரு பையன், "சார், இந்த டிஜிட்டல்ல வால்வு சவுண்டும் இருக்கு, பட்டனை அழுத்துனா வரும்" என்றான். அழுத்தினான். வந்தது. பிளாஸ்டிக் வாழை இலையில் சாப்பாடு போட்ட மாதிரி இருந்தது.

ரெஜினா இன்று இரண்டு தோசை சாப்பிட்டாள்.

ஜூன் 19, புதன்

ரயில்வே பாஸ் இருக்கும்போது சென்னை என்ன தூரம். விடிகாலை ரயிலில் போய், ராத்திரி திரும்பிவிட்டேன்.

கடையில் முப்பது வாட் வால்வு ஆம்ப் வைத்திருந்தார்கள். எங்கள் குழுவில் இருந்ததற்குத் தம்பி மாதிரி. கண்ணாடி அறைக்குள் வைத்து வாசித்தேன். சத்தத்தை இரண்டில் வைத்தால் ஒன்றுமே இல்லை, போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. ஆறில் வைத்தேன். அப்போதுதான் அதற்கு உயிர் வந்தது. கண்ணாடியும் அதிர்ந்தது.

கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார். "எங்க சார் வாசிக்கப் போறீங்க?"

"வீட்லதான்."

"வீட்டுக்கு எதுக்கு சார் முப்பது வாட்? வால்வு ஆம்ப் நல்லாப் பேசணும்னா அதை வேலை வாங்கணும். முப்பது வாட்டை வேலை வாங்குனா தெருவே எந்திரிச்சிரும். பதினஞ்சுக்கு மேல போகாதீங்க."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. மேடைக்காரனுக்கு வாட் என்பது மரியாதை. பெரிய ஆம்ப் பின்னால் நின்றவனைத்தான் கிட்டாரிஸ்ட் என்பார்கள், சின்னது வைத்திருந்தவனை வார்டு திருவிழாவுக்குத்தான் கூப்பிடுவார்கள். ஆனாலும் அவர் சொன்னது நியாயம்தான். பதினைந்து வாட் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பத்து நாளில் திருப்பலாம் என்றார். பார்சலில் வரும்.

வீட்டுக்கு வந்தபோது ரெஜினா தூங்கிவிட்டாள். வெகுநேரம் விழித்திருந்து பார்த்தாளாம்.

ஜூன் 23, ஞாயிறு

ஆம்ப் வந்தது. ரெஜினா குளித்து, ஸ்கார்ஃப் கட்டி, பொட்டு வைத்துக்கொண்டு ஹாலின் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை, அவளாகவே போய் உட்கார்ந்தாள்.

குழுவில் எங்களுக்கு ஒரு வழக்கம். கச்சேரிக்கு முன்னால் நான் மேடையில் நின்று ஆம்பின் குமிழ்களைத் திருப்புவேன். ரெஜினா மைதானத்தின் கடைசி வரிசைக்குப் போய் நிற்பாள். அவ்வளவு தூரத்துக்குப் பேச முடியாது, கையால் சொல்வாள். உள்ளங்கை மேலே போனால் ட்ரெபிள், அதாவது கீச்சான மேல் சத்தம், கூட்ட வேண்டும், கீழே வந்தால் குறைக்க வேண்டும். வயிற்றைத் தொட்டால் பேஸ், அடிச்சத்தம். விரல்களை மடக்கிவிட்டால் போதும் என்று அர்த்தம். அவள் கை மடங்காமல் நான் ஒரு கச்சேரியும் ஆரம்பித்ததில்லை. மேடையில் நிற்கிறவன் தன் காதை நம்பக்கூடாது என்பார் முதலாளி.

இன்று வாசித்தேன். அவள் உள்ளங்கை ஒரு இழை கீழே இறங்கியது. ட்ரெபிளை ஒரு இழை குறைத்தேன். கை மடங்கியது. காது அப்படியே இருக்கிறது, ஊசி ஒன்றும் செய்யவில்லை.

எனக்குத்தான் திருப்தி இல்லை. இரண்டில் வைத்து வாசித்தால் குடத்துக்குள் வாசிக்கிற மாதிரி இருந்தது. நாலுக்கு ஏற்றினேன். பல்லவி முடிவதற்குள் கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டுத் தமிழரசி டீச்சர்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. எங்க வீட்டு ஷோகேஸ் கண்ணாடி ஆடுது. மேல ஏதாவது துளை போடுறீங்களா?"

அவர் போனதும் ஆம்பை அணைத்தேன். ரெஜினா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இதுவே நல்லாத்தான் இருக்கு மாஸ்டர்." குழுவில் அவள் என்னைக் கூப்பிட்ட பெயர் அது. "இரண்டுலயே வெச்சு முழுப் பாட்டு ஒண்ணு வாசிங்க. நானும் கூடப் பாடுறேன்."

"பதினஞ்சு வாட்டும் வீட்டுக்கு அதிகம்னு இப்பதான் புரியுது. அஞ்சு வாட்ல இருக்காம். அது வரட்டும். நீ பாடுறன்னா அது சரியா இருக்கணும்ல?"

"அரைகுறையா இருந்தாத்தான் என்னவாம்?"

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றேன்.

"பூமியை ஆண்டு நான் என்ன பண்ணப்போறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். பொட்டை அப்போதே அழித்துவிட்டாள் போலிருக்கிறது, சாப்பிடும்போது இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

ஆம்பைப் பார்சல் கட்டித் திருப்பி அனுப்பினேன். அதை நல்லபடியாகக் கட்டுவதற்கே ஒரு பகல் போயிற்று.

ஜூன் 27, வியாழன்

இரண்டாவது ஊசி. பார்சல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கக் கொஞ்ச நேரம் வெளியே போனேன்.

ஜூலை 1, திங்கள்

சமையலறையில் நின்றுகொண்டு ரெஜினா, "குக்கரை இறக்குங்க, எவ்வளவு விசில் விடுவீங்க" என்றாள். அடுப்பில் குக்கரே இல்லை.

ஜூலை 3, புதன்

காது டெஸ்ட். ஒரு கண்ணாடி அறைக்குள் அவளை உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன். தாழ்ந்த சத்தத்துக்கெல்லாம் விரல் தூக்கினாள். டெஸ்ட் எடுத்த பெண் மேலும் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தாள், ரெஜினா கையை மடியில் வைத்துக்கொண்டு அடுத்ததற்காகக் காத்திருந்தாள். அப்புறம் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

கீச்சான மேல் சத்தங்கள் கேட்பது கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். மருந்தை மாற்றலாம், ஆனால் இதன் அளவுக்கு அது வேலை செய்யுமா என்று சொல்ல முடியாது என்றார். ரெஜினா என்னைக் கேட்கவில்லை. "இதையே குடுங்க டாக்டர். உயிர் இருந்தா உப்பு வித்தாவது வாழலாம்" என்றாள்.

இனித் தாமதிக்கக்கூடாது. பெங்களூரில் ஒரு பல் டாக்டர், பெயர் தேவநாதன், பழைய வால்வு ஆம்ப்களாக வாங்கி வைத்திருக்கிறாராம். ஐந்து வாட் ஒன்றை விற்கிறார். இன்றே பேசிவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

தேவநாதன் வரச்சொன்ன சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டாகிவிட்டது.

"கொரியர்ல அனுப்பச் சொல்லக் கூடாதா மச்சான்?" என்றாள் பிலோ.

"வாசிச்சுப் பாக்காம எப்படி வாங்குறது?"

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி" என்றாள். கிட்டாரைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும். இட்லி மாவில் ஒரு பிடி உளுந்து கூடிப்போனால் மட்டும் கண்டுபிடித்துவிடுவாள்.

ஜூலை 13, சனி. பெங்களூர்

காலையில் கிளம்பும்போது ரெஜினா வாசல் வரைக்கும் வந்தாள். "இன்னைக்கு உடம்பு லேசா இருக்குங்க. காதுல விசிலும் அவ்வளவா இல்ல. நாளைக்குப் போங்களேன்."

டிக்கெட் இருக்கிறதே, அந்த மனிதரும் எனக்காக லீவு போட்டிருக்கிறாரே என்றேன். சரி என்றாள். நான் நடந்து போய் ஆட்டோ ஏறும் வரைக்கும் மாடி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

தேவநாதன் வீட்டில் ஒரு அறை முழுக்க ஆம்ப். நான் இவ்வளவு நாள் தேடியது எதுவோ அது அங்கே மூலையில் உட்கார்ந்திருந்தது. ஒரு சின்ன சூட்கேஸ் அளவுதான். ஐந்து வாட்.

"அஞ்சுதான் சார், ஆனா இதுக்கு வாய் கொஞ்சம் பெருசு" என்றார் தேவநாதன்.

வாசித்தேன். மெதுவாகத் தொட்டால் காதோடு பேசியது. அழுத்தினால் தொண்டை கம்மியது. சத்தம் மூன்றுக்கு மேல் போகவே வேண்டியதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. ரெஜினா இதைக் கேட்டால் என்ன சொல்வாள் என்றுதான் நினைத்தேன்.

பிற்பகலில் பிலோவிடமிருந்து ஃபோன். "மச்சான், ஒரு நிமிஷம் லைன்லயே இருங்க" என்றாள். தேவநாதன் வேறு ஒரு ஆம்பில் வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தார், எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை. அவசரமா என்று கேட்டேன். அவசரம் இல்லை என்றாள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அப்புறம் ஃபோனில் சார்ஜ் இல்லை.

கிளம்பும்போது தேவநாதன் ஒரு யோசனை சொன்னார். உள்ளே இருக்கிற வால்வு பழசு, நல்ல ஜோடி ஒன்று அவருக்கு வந்துகொண்டிருக்கிறது, அதை மாட்டி அனுப்பினால் இன்னும் ஒரு படி மேலே இருக்கும், பத்துப் பன்னிரண்டு நாள்தான். இவ்வளவு காத்திருந்தாயிற்று, அதையும் மாட்டியே அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

வெறுங்கையோடு வந்து நின்றதைப் பார்த்துவிட்டு பிலோ மாவு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ரெஜினாவிடம் ஆம்பைப் பற்றி வெகுநேரம் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்ல பொருளாத்தான் புடிச்சிருக்கீங்க" என்றாள்.

ஜூலை 18, வியாழன்

மூன்றாவது ஊசி.

ஜூலை 22, திங்கள்

டிவி சத்தம் கூடிக்கொண்டே போகிறது.

ஜூலை 25, வியாழன்

எங்கள் வீட்டு காலிங் பெல் குருவி மாதிரி கத்தும். அதை ரெஜினாதான் ஆசைப்பட்டு வாங்கினாள். இன்று காய்கறி வாங்கிவிட்டு வந்து அடித்தேன், அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கதவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். கதவைக் கையால் தட்டியதும் நிமிர்ந்தாள். "பெல்லு ரிப்பேர் போலருக்கு" என்றாள். ஆமாம் என்றேன்.

தேவநாதனுக்கு ஃபோன் செய்து, வால்வு வேண்டாம், எப்படி இருக்கிறதோ அப்படியே அனுப்புங்கள் என்றேன். அவர், நேற்றே மாட்டிவிட்டேன், நாளைக்குக் கிளம்புகிறது என்றார்.

ஜூலை 29, திங்கள்

வந்துவிட்டது. மேஜை மேல் வைத்து, சொருகி, வால்வு சூடாகும் வரைக்கும் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பின்பக்கம் லேசாகச் சிவந்தது.

ரெஜினா கடைசி நாற்காலிக்குப் போனாள். தலையில் முடி இல்லை. பொட்டு இருந்தது.

நான் மெதுவாக ஆரம்பித்தேன். என் ஆயுசில் இப்படி ஒரு தொனி என் விரலிலிருந்து வந்ததில்லை. தேவநாதன் சொன்னது சரி, புது வால்வு ஒரு படி மேலேதான். நிமிர்ந்து ரெஜினாவைப் பார்த்தேன்.

உள்ளங்கை மேலே போயிற்று.

ட்ரெபிளை ஐந்திலிருந்து ஆறுக்குத் திருப்பினேன். கை இன்னும் மேலே. ஏழு. கை இறங்கவில்லை. எட்டில் எனக்குப் பல் கூசியது. ஒன்பதில் தகரத்தைக் கீறுகிற மாதிரி இருந்தது. பத்து. அதற்கு மேல் அந்தக் குமிழ் திரும்பாது. அவள் கை அப்படியே இருந்தது, முகத்தைச் சுளித்துக்கொண்டு, பழைய மைதானத்தில் காற்றுக்கு எதிராகக் கேட்பாளே அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் குமிழைத் திருப்புகிற மாதிரி விரலை மட்டும் திருப்பினேன். இன்னும் ஒரு தடவை திருப்பினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். விரல்களை மடக்கினாள். "இப்ப சரியா இருக்கு" என்றாள்.

அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். முழுப் பாட்டையும் அந்தத் தகரச் சத்தத்தில் வாசித்து முடித்தேன். அவள் கை தட்டினாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். திறந்திருக்கவே வேண்டியதில்லை, அவளுக்குக் கேட்டிருக்காது.

ஆகஸ்ட் 1, வியாழன்

இன்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். கிட்டத்தில் உட்கார்ந்து, முகம் தெரிகிற மாதிரி, சத்தமாக. "ஒரு பாட்டு பாடேன் ரெஜி. நான் வாசிக்கிறேன்."

"வேணாங்க. உள்ளுக்குள்ள எப்பவும் ஒரு விசில் அடிச்சிட்டே இருக்கு. என் குரலே எனக்கு வேற யாரோ பாடுற மாதிரி இருக்கு. எந்தச் சுதியைப் புடிக்கிறது?"

"ஒரே ஒரு தடவை."

"அதான் பாடியாச்சே" என்றாள். "நீங்க பெங்களூர் போயிருந்தப்ப. அன்னைக்கு நல்லா வந்துச்சு. பிலோ கேட்டாளே."

குத்திக் காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. அரிசி வாங்கியாச்சு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பிலோ வரும் வரைக்கும் வாசலிலேயே நின்றேன்.

"அன்னைக்கு அவ என்ன பாட்டு பாடுனா?"

பிலோ வாளியை இறக்கி வைத்தாள். "எனக்குப் பாட்டெல்லாம் என்ன மச்சான் தெரியும். நான் கிரைண்டர்ல மாவு ஓட்டிட்டு இருந்தேன். ஹால்ல உங்க கிட்டார்கிட்ட உக்காந்துகிட்டு அவ பாட்டுக்குப் பாடிட்டு இருந்தா. ஒரு தடவை இல்ல, திருப்பித் திருப்பி அதையேதான். கிரைண்டரை நிறுத்திட்டுக் கேப்பமான்னு நெனச்சேன். கடைக்காரன் அஞ்சு மணிக்கு மாவுக்கு வந்துருவான். அதான் நிறுத்தல."

"எனக்கு ஃபோன் பண்ணியே."

"அதுக்குத்தானே பண்ணேன். ஃபோனை அவ பக்கத்துல கொண்டு போலாம்னு. நீங்க அவசரமான்னு கேட்டீங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவசரம்னு சொல்லியிருக்கணும். ஒரு பாட்டு எப்படி அவசரமாகும்னு நெனச்சிட்டேன்."

அவள் மேல் எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவள் வீட்டில் இருந்துகொண்டு கேட்கவில்லை. நான் ஒரு நல்ல சத்தத்தைத் தேடி ஊர் ஊராகப் போய்விட்டுக் கேட்கவில்லை. அவள் கிரைண்டருக்காவது ஒரு காரணம் இருந்தது.

இருக்கிற கொசு ஆம்பில் ஜூன் நாலாம் தேதியே வாசித்திருக்கலாம். திருப்பி அனுப்பியதை இரண்டில் வைத்தே வாசித்திருக்கலாம். கூடப் பாடுகிறேன் என்றாள் ரெஜினா. என்னிடம்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நான்காவது ஊசி. கூடவே இருந்தேன். நரம்பு மூன்றாவது தடவையில்தான் கிடைத்தது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஸ்கேன் நன்றாக இருக்கிறது. டாக்டர் இந்தத் தடவை எதையும் நடுவில் வைத்துச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "அன்னைக்குப் பாடுனியே, அது எந்தப் பாட்டு?"

"எதுக்கு?"

"அதை வாசிக்கிறேன்."

"நீங்களே கண்டுபுடிங்க மாஸ்டர்" என்றாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அன்றிலிருந்து தினம் சாயந்திரம் ஒரு பாட்டு. ட்ரெபிள் பத்தில்தான் இருக்கிறது. எனக்குக் காதில் பஞ்சு. தமிழரசி டீச்சரிடம் நானே போய் விஷயத்தைச் சொன்னேன். "அஞ்சுலேர்ந்து ஆறு நான் வாக்கிங் போயிடறேன் சார்" என்றார்.

ரெஜினா இப்போது கடைசி நாற்காலியில் உட்காருவதில்லை. ஆம்புக்குப் பக்கத்தில், என் விரல் தெரிகிற இடத்தில் உட்காருகிறாள். எந்தப் பாட்டு என்று என் விரலைப் பார்த்தே பிடித்துவிடுகிறாள். முடிந்ததும் "இதுவா?" என்று கேட்கிறேன். இல்லை என்று தலையாட்டுகிறாள். இன்று மழைப் பாட்டு. அதுவும் இல்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

படகுப் பாட்டு இல்லை. நேற்று வாசித்த தாலாட்டும் இல்லை. கல்யாண வீடுகளில் பந்தி முடிகிற நேரத்துக்குப் பாடுவாளே, அதுவாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கையோடு வாசித்தேன். அதுவும் இல்லையாம்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மேடையில் நாங்கள் வாசித்த பாட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. ஞாபகத்தில் ஒன்று பாக்கியில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டாள்.

இன்று வேண்டுமென்றே, ஆரம்பத்தில் வாசித்த மழைப் பாட்டையே திரும்ப வாசித்தேன். பாதியில் அவள் உதடு அசைந்தது, சத்தமில்லாமல். சரணத்தில் அவள் எப்போதும் மூச்சு எடுக்கும் இடத்தில் மூச்சு எடுத்தாள். முடித்துவிட்டு, "இதுவா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள் உடனே. "இது இல்ல. நாளைக்கு வேற வாசிங்க."

சொல்லிவிட்டால் நான் ஆம்பை அணைத்துவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுவேன் என்று பயப்படுகிறாள். இது எனக்குப் புரிவதற்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. பஞ்சை எடுத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் இனிமே எங்கயும் போகமாட்டேன் ரெஜி" என்றேன்.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "எந்தப் பாட்டுன்னு சொன்னீங்க?" என்று கேட்டாள்.